அமர்ந்து உண்ணும் உரிமை

அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரத்து ‘ஆலீஸ் பார்பெக்யூ’ குடும்பங்களுக்கான உணவகம், 220 இருக்கைகள். வேலை செய்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பினக் குடும்பம் அங்கே உட்கார முடியாது. பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். குடும்பம் என்ற சொல்லுக்குள் அவர்கள் வரவில்லை.

1964 ஜூலையில் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அதை எதிர்த்த அந்த உணவகம் டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

அதே ஆண்டு, தென் கரோலினாவில் ‘பிக்கி பார்க்’ பார்பெக்யூ கடை ஆன் நியூமன் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு உணவு தர மறுத்தது. அவரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். உரிமையாளர் தன் மத நம்பிக்கையைக் காரணம் காட்டினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இச்சட்டப்படி வெல்பவருக்கு இழப்பீடு கிடையாது. ஆகவே, வழக்கறிஞர் கட்டணத்தைப் பொதுவாகத் தோற்றவரே தர வேண்டும் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்காடியவர் தனக்காக மட்டும் வழக்காடவில்லை என்பதே காரணம். கையில் பணமில்லாதவரும் நீதி கேட்க அது வழி செய்தது.

பார்பெக்யூவின் கதை பெரும்பாலும் அடுப்பருகே நின்ற ஆண்களின் கதையாகவே சொல்லப்படுகிறது. மேசையில் இடம் கேட்ட நியூமனின் பெயர் சட்ட நூல்களில் இருக்கிறது. உணவின் வரலாற்றிலும் அதை எழுத வேண்டும்.