அலரும் துப்பும்

ஆங்கிலத்தில் ‘கோஸி’ மர்மக்கதை என்றொரு வகை உண்டு. கொலை நடக்கும், ரத்தம் தெறிக்காது. ஊர் சிறியது. துப்பறிகிறவர் போலீஸ் அல்ல. பெரும்பாலும் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு எழுத்தாளர்கள் திரும்பத் திரும்பக் கொடுத்த வேலைகளில் ஒன்று நூலகர் வேலை. சார்லேன் ஹாரிஸ் 1990-இல் அறிமுகப்படுத்திய அரோரா டீகார்டன், ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் நூலகர். 1994-இல் வந்த ஜோ டெரெஸ்கியின் மிஸ் ஜுகாஸும் நூலகரே. இவர்களுக்கெல்லாம் பாட்டி, அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள். 1930-இல் முதன்முதலாக நாவலுக்குள் வந்த அந்த மணமாகாத முதியவள், ஊர்வம்பைக் காதில் வாங்கியே கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுவாள்.

சிதம்பரத்தில் சங்க இலக்கியம் நடத்துகிற எனக்கு இந்தக் கதைகள் அந்நியமாகப் படவில்லை. அகப்பாடல்களில் துப்பறிகிறவர்கள் பெண்கள்தாம். நெகிழ்ந்த வளையையும் பசந்த நெற்றியையும் செவிலி தடயமாகப் படிக்கிறாள். அக்கம்பக்கத்தார் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரறியப் பேசினால் அலர். வெறியாட்டுத் துறையை எடுத்துக்கொள்ளுங்கள்: மகள் மெலிகிறாள், வேலனை அழைக்கிறார்கள், அவன் கழங்கு பார்த்து இது முருகனால் வந்தது என்கிறான். காரணம் முருகன் அல்ல என்று தோழிக்குத் தெரியும். நிபுணர் கோட்டை விடுகிறார், பக்கத்தில் நிற்கும் பெண் அறிந்திருக்கிறாள். கோஸி கதையின் எலும்புக்கூடு இதுவேதான். (இன்ஸ்பெக்டருக்கு வேல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.)

ஆனால் அங்கே விசாரிக்கப்படும் குற்றம் என்ன? ஒரு பெண் காதலித்தது. நம் மரபில் பெண்ணின் கூர்ந்த பார்வை இன்னொரு பெண்ணைக் காவல் காக்கவே பெரிதும் பயன்பட்டது. நூலகர் துப்பறியும் கதை அதே பார்வையை, அதே வம்புக் காதை, எடுத்துக் கொலைகாரன் பக்கம் திருப்பிவிடுகிறது. என் மாணவிகள் இந்த நாவல்களைச் செல்பேசியில் தேடிப் படிப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். யாரெல்லாம் என்ன படிக்கிறார்கள் என்று அறிந்த ஒருத்தி, அதை வீட்டில் போய்ச் சொல்லமாட்டாள் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

பெண்ணுக்கு நூலக மேசை கிடைத்த கதை அத்தனை இதமானதல்ல. 1887-இல் மெல்வில் டூயி கொலம்பியா கல்லூரியில் நூலகப் பள்ளி தொடங்கியபோது சேர்ந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். பெண்கள் குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள் என்ற கணக்கும் அக்காலத்தில் இருந்தது. அதே டூயி பெண் நூலகர்களிடம் தகாதமுறையில் நடந்துகொண்டதாகப் புகார்கள் எழுந்தன. 2019-இல்தான் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது. நூறாண்டுக்கு மேல் எல்லாரும் அறிந்த அலர். துப்பாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் பற்றிய புத்தகத்தில், ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்ற இரண்டாம் விதியை விளக்கும்போது பெண்களுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கினார். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது, இந்திய மாகாணங்களில் அதுவே முதல். சட்டம் கதவைத் திறந்தது. கடலூரில் நான் பார்த்த வாசகசாலைகளில் மின்விசிறிக்குக் கீழே நாளிதழ் விரித்திருப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் ஆண்கள்தாம். பெண்கள் நின்றபடியே புத்தகம் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அவர்கள் மாற்றிச் செல்லும் துப்பறியும் நாவல்களில் யார் இருக்கிறார்கள்? விவேக்குக்கு ரூபலா, பரத்துக்கு சுசீலா, நரேந்திரனுக்கு வைஜெயந்தி. எல்லாரும் புத்திசாலிகள், எல்லாரும் இரண்டாவது பெயர். 1925-இலிருந்து ‘ஜகன்மோகினி’யை நடத்தி, நூற்றுக்கு மேல் நாவல் எழுதிக் குவித்த வை.மு. கோதைநாயகி அம்மாள் துப்பறியும் கதைகளும் எழுதியவர். அந்த வழியில் ஒரு தமிழ் மிஸ் மார்ப்பிள் நிலைத்திருக்கலாம். நிலைக்கவில்லை. பின்னால் வந்த பாக்கெட் நாவல்களில் துப்பறிவது ஓர் ஏஜென்சியின் வேலை, ஒரு பைக்கின் வேலை, இரவில் வெளியே போகமுடிந்தவரின் வேலை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அறிகிறவளுக்கு அதில் இடமில்லை.

அப்படி அறிகிறவள் இங்கே இல்லாமலில்லை. கடலூர்ப் பக்கத்து ஊர்ப்புற நூலகம் ஒன்றின் நூலகர் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டிக்காட்டினார். வாராவாரம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் வரிசை தை மாதத்தோடு நின்றிருந்தது. கடைசிப் புத்தகத்தைத் தம்பி கொண்டுவந்து கொடுத்தானாம். “கல்யாணம் நிச்சயமாயிருக்கும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு மேடம். பதினேழு வயசுதான் அதுக்கு” என்றார். பள்ளிக்கூடத்து டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர்கள் 1098-க்குப் பேசினார்கள். அந்தப் பெண் இப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறாள், உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்தாகிவிட்டது. என்ன புத்தகம் எடுக்கிறாள் என்று நான் கேட்டேன். நூலகர் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, “அதை எதுக்கு மேடம் உங்களுக்கு?” என்றார்.