மத்தேரா: பாறைக்குள் ஒரு நகரம்

இத்தாலி என்றதும் நமக்கு ரோம், வெனிஸ், பைசாவின் சாய்ந்த கோபுரம்தான் நினைவுக்கு வரும். நம் குடியிருப்பிலிருந்து ஐரோப்பா டூர் போய் வந்தவர்களும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். இந்தக் காலாண்டில் அந்த வரிசைக்கு வெளியே, தெற்கு இத்தாலியில் இருக்கும் ஒரு மலை நகரத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் மத்தேரா. அடுக்கடுக்காக வீடுகள், வீட்டுக்கூரை மேலேயே இன்னொருவரின் தெரு, பல குடும்பங்களுக்கு ஒரே முற்றம், ஒரே தண்ணீர்த் தொட்டி. அடுக்குமாடியில் வாழும் நமக்கு அந்த ஊரின் கதையில் யோசிக்க நிறைய இருக்கிறது.

இத்தாலியின் வரைபடம் ஒரு பூட்ஸ் போல இருக்கும் அல்லவா? அந்தப் பூட்ஸின் குதிகாலுக்கும் நுனிக்கும் இடையே வளைந்திருக்கும் பகுதியில் உள்ளது பசிலிகாத்தா மாநிலம். அங்கே கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், கிராவினா என்ற ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில் மத்தேரா இருக்கிறது. இன்று மக்கள்தொகை ஏறத்தாழ 60,000.

ஊரின் பழைய பகுதிக்கு சாஸ்ஸி என்று பெயர். இத்தாலிய மொழியில் 'கற்கள்' என்று பொருள். நடுவில் ஒரு குன்று. அதன் உச்சியில் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய பேராலயம். குன்றின் இரு பக்கமும் இரண்டு பெரிய கிண்ணங்கள் போன்ற சரிவுகள். ஒன்று சாஸ்ஸோ கவேயோசோ, மற்றொன்று சாஸ்ஸோ பாரிசானோ. இந்தச் சரிவுகளில்தான் நூற்றுக்கணக்கான குகை வீடுகள் இருக்கின்றன.

வெட்டியதும் கட்டியதும்

'குகை வீடு' என்றதும் ஆதிமனிதன் ஒதுங்கிய குகை என்று எண்ணிவிடாதீர்கள். இந்தப் பகுதியில் கற்கால மனிதர்கள் வாழ்ந்தது உண்மைதான். பள்ளத்தாக்குக்கு எதிரே இருக்கும் முர்ஜா மேட்டில், பாறையில் அகழி வெட்டி அமைத்த புதிய கற்காலக் கிராமங்களின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்தவர்களில் முக்கியமானவர் தொமெனிக்கோ ரிதோலா. தொழிலால் மருத்துவர், பிறகு செனட்டர். அவருடைய சேகரிப்பிலிருந்து 1911இல் உருவான அருங்காட்சியகம் இன்றும் ஊரில் இருக்கிறது.

ஆனால் சாஸ்ஸி வீடுகள் மனிதர்கள் திட்டமிட்டுச் செதுக்கியவை. இங்குள்ள பாறை மென்மையான சுண்ணாம்புக் கல் வகை. வெட்டுவது எளிது, காற்றுப்பட்டால் இறுகும். மலைச்சரிவைக் குடைந்து அறை எடுப்பார்கள். வெட்டி எடுத்த கல்லைத் தூக்கி எறிய மாட்டார்கள். அதையே செங்கல் போல் அறுத்து, குகை வாசலுக்கு முன்னால் வளைந்த கூரையோடு ஓர் அறை கட்டுவார்கள். அந்தக் கூரை மேல் வரிசை வீட்டுக்கு நடைபாதையாகவோ தோட்டமாகவோ ஆகிவிடும். பாறைக்குள் இருப்பதால் கோடையிலும் குளிர்காலத்திலும் உள்ளே வெப்பம் அதிகம் மாறாது.

வீடு மட்டுமல்ல, கோயில்களையும் குடைந்தார்கள். மத்தேராவிலும் சுற்றுப்புறத்திலும் பாறையில் வெட்டிய தேவாலயங்கள் 150க்கு மேல் உண்டு. துறவிகளும் விவசாயிகளும் மேய்ப்பர்களும் வழிபட்ட இடங்கள் இவை. சிலவற்றில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சுவர் ஓவியங்கள் இன்னும் மங்காமல் இருக்கின்றன.

ஒவ்வொரு துளியும் கணக்கு

எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம் தண்ணீர்தான். மழை குறைவு. ஆறு இருக்கிறது, ஆனால் பள்ளத்தாக்கின் அடியில், எட்டாத ஆழத்தில். ஆகவே ஊர் முழுவதையுமே ஒரு மழைநீர் சேகரிப்பு அமைப்பாக உருவாக்கினார்கள். கூரையில் விழும் மழை கல்லில் வெட்டிய ஓடைகள், சுட்ட மண் குழாய்கள் வழியாக முற்றத்துக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகும். தொட்டிகள் மணி வடிவில் இருக்கும். வாய் சிறியது, அடிவயிறு பெரியது. சுவரில் நீர் கசியாதபடி, பொடித்த மண்பாண்டத் தூளைச் சுண்ணாம்போடு கலந்து பூசினார்கள். ஒரு தொட்டி நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்.

இவற்றுக்கெல்லாம் பெரியது ஊரின் முதன்மைச் சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் பலோம்பாரோ லுங்கோ. 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டில் நன்றாக விரிவாக்கப்பட்டது. சுமார் 15 மீட்டர் ஆழம். கொள்ளளவு ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர். கோடையில் நாம் கூப்பிடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் சொன்னால், நானூறு லாரிக்கு மேல்! உள்ளே நின்று பார்த்தால் ஒரு தேவாலயத்துக்குள் நிற்பது போலவே இருக்குமாம்.

1920களில் அரசாங்கக் குழாய்த் தண்ணீர் வந்ததும் இந்தத் தொட்டி கைவிடப்பட்டது, பிறகு மறந்தும் போனது. 1991இல் சதுக்கத்தைச் சீரமைத்தபோதுதான் மீண்டும் கண்டுபிடித்தார்கள். காலுக்கு அடியில் இவ்வளவு பெரிய சம்ப் இருப்பது தெரியாமல் இரண்டு மூன்று தலைமுறை அதன் மேலேயே நடந்திருக்கிறது.

முற்றம் என்னும் அசோசியேஷன்

ஒரு முற்றத்தைச் சுற்றி இருந்த குடும்பங்களின் கூட்டத்துக்கு விச்சினாத்தோ என்று பெயர். 'அக்கம்பக்கம்' என்று நாம் சொல்வதற்கு நெருக்கமான சொல். தொட்டி பொது, துணி துவைக்கும் இடம் பொது. குழந்தைகளை யார் வீட்டுப் பெண்ணும் அதட்டலாம். ஒருவர் வீட்டில் பிரசவம் என்றால் மற்ற வீடுகளில் அடுப்பு எரியும்.

ரொட்டிச் சூளையும் பொதுதான். வீட்டில் மாவு பிசைந்து சூளைக்கு அனுப்புவார்கள். எந்த ரொட்டி யாருடையது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரத்தில் செதுக்கிய ஒரு முத்திரை. குடும்பப் பெயரின் முதலெழுத்தை மாவில் பதித்து அனுப்புவார்கள். கெட்டிக் கோதுமையில் செய்த பெரிய ரொட்டி அது. பல நாள் கெடாது. மத்தேரா ரொட்டிக்கு இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு.

ஆகஸ்ட் முதல் நாள் ஒரே பானையில் பொங்கிச் சாப்பிடும் வழக்கமும் இருந்தது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வீடும் கோதுமை, கொண்டைக்கடலை, பட்டாணி என்று ஒரு கைப்பிடி கொண்டுவந்து போடும். கிராப்பியாத்தா என்று அதற்குப் பெயர். எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து உண்பார்கள்.

ஊருக்கு ரோஷமும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான்கார்லோ திரமோந்தானோ என்ற பிரபு, தன் கடனுக்கும் கோட்டை கட்டுவதற்கும் மக்கள் மேல் வரிக்கு மேல் வரி போட்டார். 1514 டிசம்பர் 29 அன்று பேராலயத்துக்கு வந்து திரும்பும்போது மக்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். பாதியில் நின்ற கோட்டை இன்றும் அப்படியே நிற்கிறது. 1943 செப்டம்பர் 21 அன்று ஜெர்மானியப் படைக்கு எதிராகக் கிளர்ந்ததும் இதே ஊர்தான். தெற்கு இத்தாலியில் அப்படி முதலில் எழுந்த நகரங்களில் ஒன்று.

எப்படிச் சீரழிந்தது?

இத்தனை அறிவோடு கட்டிய ஊர் பிறகு ஏன் இத்தாலியின் அவமானம் என்று பெயர் வாங்கியது? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1663 முதல் மத்தேரா மாகாணத் தலைநகரமாக இருந்தது. 1806இல் நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட் ஆட்சியில் தலைநகரம் பொத்தென்சாவுக்குப் போனது. பதவியோடு வருமானமும் போனது. வசதி படைத்தவர்கள் ஏற்கெனவே மேலே சமதளத்தில் மாளிகை கட்டிக்கொண்டு சாஸ்ஸியை விட்டு நகர்ந்திருந்தார்கள். கீழே ஏழை விவசாயிகளின் எண்ணிக்கை மட்டும் பெருகியது. இடம் போதாமல் தொழுவத்தை வீடாக்கினார்கள். கிடங்கை வீடாக்கினார்கள். கடைசியில் தண்ணீர்த் தொட்டிகளையே காலி செய்து அவற்றுக்குள் குடியேறினார்கள். ஜன்னல் இல்லாத, ஈரம் ஊறும் அறைகள். 1930களில் சாஸ்ஸிக்கு நடுவே சாலை போடுவதற்காகப் பழைய வடிகால் ஓடைகளையும் மூடினார்கள்.

ஆக, சாஸ்ஸியைக் கெடுத்தது குகை அல்ல. தொட்டி, வடிகால், திறந்தவெளி என்று பொதுவாக இருந்தவை ஒவ்வொன்றாகத் தேவைக்குப் பலியானதுதான் அதைக் கெடுத்தது. ஒரே அறையில் கணவன், மனைவி, பல குழந்தைகள், பின்னால் கோவேறு கழுதை, கட்டிலுக்கு அடியில் கோழி. கைக்குழந்தை அலமாரி இழுப்பறையில் தூங்கும். மலேரியாவும் கண்நோயும் நிரந்தர விருந்தாளிகள். பிறக்கும் குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்தன.

1935இல் முசோலினி அரசு, தூரின் நகர மருத்துவரும் ஓவியருமான கார்லோ லேவியை இந்தப் பகுதியின் கிராமங்களுக்கு நாடு கடத்தியது. அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்ற நூல் 1945இல் வந்தது. கிறிஸ்துவே இவ்வளவு தூரம் வரவில்லை, வழியில் எபோலி என்ற ஊரோடு நின்றுவிட்டார் என்பது அந்த மக்களின் வழக்கு. தம்பியைப் பார்க்கப் போகும் வழியில் மத்தேராவைக் கண்ட லேவியின் அக்கா, அவரும் மருத்துவர், சொன்னதாக அந்த நூலில் ஒரு பகுதி வருகிறது. பின்னால் ஓடிவந்த குழந்தைகள் அவரிடம் மிட்டாய் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தைக் கேட்டார்கள்.

வெளியேற்றம்

நூல் நாட்டை உலுக்கியது. அரசியல் தலைவர்கள் வந்து பார்த்தார்கள். 1950இல் பிரதமர் தெ காஸ்பெரி வந்தார். 1952இல் சிறப்புச் சட்டம் வந்தது. சுமார் 15,000 பேரைப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றும் வேலை தொடங்கி 1960களின் இறுதி வரை நடந்தது.

இதை அவசரமாகச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. சமூகவியலாளர்களும் கட்டடக் கலைஞர்களும் மக்களோடு பேசி ஆராய்ந்தார்கள். லுதொவிக்கோ குவரோனி என்ற கட்டடக் கலைஞர் தம் குழுவோடு லா மார்தெல்லா என்ற புதிய கிராமத்தையே வடிவமைத்தார். பழைய முற்ற உறவு தொடரட்டும் என்று வளைந்த தெருக்களில் வீடுகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்தார். மாட்டுக்கும் கழுதைக்கும் தனித் தொழுவம். 1953இல் பிரதமரே சாவி கொடுத்தார்.

குழாயில் தண்ணீர், ஜன்னலில் வெயில், தனிக் கழிப்பறை. குழந்தைகள் பிழைத்தன. இதைவிடப் பெரிய நன்மை எது? அதே நேரம் ஒரே முற்றத்தில் வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு குடியிருப்புகளுக்குப் பிரிந்து போயின. கதவைத் திறந்தால் பத்துப் பேர் முகம் தெரிந்த வாழ்க்கை, கதவைச் சாத்திக்கொள்ளும் வாழ்க்கையாக மாறியது. முதியவர்கள் சிலருக்கு அது கடைசி வரை பழகவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் உண்மை என்று சொன்னால் தவறாகிவிடும். குழந்தைகளைச் சாகவிட்டுக்கொண்டு அக்கம்பக்க உறவைக் கொண்டாட முடியாது. புது வீடு கிடைத்ததாலேயே இழந்ததை இல்லை என்றும் சொல்ல முடியாது.

திரும்பி வந்த பெருமை

காலியான சாஸ்ஸி சில காலம் பேய் ஊர் போல் கிடந்தது. 1964இல் பசோலினி இயேசுவின் கதையைப் படமாக்க இங்கே வந்தார். ஊர் இளைஞர்கள் சிலர் 1959இல் தொடங்கிய லா ஸ்கலெத்தா என்ற கழகம் குகைக் கோயில்களைத் தேடிப் பதிவு செய்தது. 1963இல் ஆதாம் ஏவாள் ஓவியம் கொண்ட ஓர் அற்புதமான குகையை அவர்கள்தான் வெளிக்கொணர்ந்தார்கள். அதுவரை மேய்ப்பர்கள் ஆட்டுக்கு ஒதுக்கிடமாக வைத்திருந்த இடம் அது.

1986இல் இன்னொரு சட்டம் வந்தது. முந்தையது காலி செய்யச் சொன்னது. இது பழுது பார்த்துக் குடியேறச் சொன்னது. 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. 2019இல் மத்தேரா ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரம் ஆனது. ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அவருடைய கார் பாய்வதும் இந்தத் தெருக்களில்தான்.

இன்று கழுதை நின்ற குகைகள் பல ஹோட்டல் அறைகள். ஊர் பிழைத்தது, மகிழ்ச்சி. ஆனால் சாஸ்ஸியில் இரவு விளக்கு எரியும் ஜன்னல்களில் நிறைய பயணிகளுடையவை. கட்டடங்களை மீட்பதைவிட முற்றத்து வாழ்க்கையை மீட்பது கடினம் என்பதை மத்தேராக்காரர்கள் இப்போது அனுபவத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 2 அன்று ஊரின் காவல் தெய்வமான புரூனா மாதாவுக்குத் திருவிழா. காகிதக் கூழில் பல மாதம் உழைத்து ஒரு தேர் செய்கிறார்கள். ஊர்வலம் முடிந்த இரவில் கூட்டம் பாய்ந்து அதைத் துண்டு துண்டாகப் பிய்த்து எடுக்கிறது. ஒரு துண்டு வீட்டில் இருந்தால் நல்லது என்று நம்பிக்கை. மறுநாளிலிருந்து அடுத்த ஆண்டுத் தேரைப் பற்றிப் பேச்சு.

போக விரும்புகிறவர்களுக்கு: பாரி நகரத்தில் இறங்கி, அங்கிருந்து சிறிய ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். படிக்கட்டு அதிகம்; முழங்கால் வலி உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். செல்ஃபி எடுக்கும் இடத்தில் அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காமல், கொஞ்சம் குனிந்தும் பாருங்கள். கல்லில் வெட்டிய சின்ன ஓடைகளும் தொட்டி வாய்களும் இன்னும் அங்கே இருக்கின்றன. போய் வந்ததும் படங்களோடு நம் செய்திமடலுக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள்.