முகட்டுக் காற்றுவழி

முகட்டுக் காற்றுவழி என்பது, சரிவான கூரையின் இரு பக்கங்களும் சந்திக்கும் முகட்டின் நீளத்துக்கு அமைக்கப்படும் காற்றுப்போக்கி ஆகும். இது ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் மரச்சட்ட வீடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. கூரைக்கும் அறைகளின் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியில் ஈரம் தங்கினால், பலகைகளில் பூஞ்சணம் பிடித்து அவை உக்கிப்போகும். குளிர்காலத்தில் அவ்வெளி சூடானால், கூரைமேலுள்ள பனி உருகி இறவாரத்தில் மீண்டும் உறைந்து, நீரைத் தேக்கிக் கசியச்செய்யும்.

முகட்டின் இருபுறமும் கூரைப்பலகையில் ஏறத்தாழ 2 செ.மீ. அகலம் வெட்டி நீக்கப்படுகிறது. இரு முனைகளும் வெட்டப்படுவதில்லை. இப்பிளவின்மேல், மழையும் பூச்சிகளும் புகாத மூடி பொருத்தப்படும். சூடான காற்று மேலெழுவதாலும், காற்று வீசும்போது முகட்டருகே அழுத்தம் குறைவதாலும் உட்காற்று வெளியேறுகிறது.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக, இறவாரத்தின் அடிப்பக்கத் துளைகளூடாகப் புதுக்காற்று உட்புகவேண்டும். பழைய வீடுகளில் இக்காற்றுவழியைப் புதிதாக அமைக்கும்போது பெரும்பாலும் மறக்கப்படுவது இதுவே. அத்துளைகள் இல்லாவிடினும், வெப்பக்காப்புப் பஞ்சால் அடைபட்டிருப்பினும், உட்கூரையின் இடுக்குகள் வழியாக அறைகளின் ஈரக்காற்றே மேலே இழுக்கப்படும். அந்நிலையில் காற்றுவழி இல்லாதிருப்பதே மேல் எனலாம். அமெரிக்கக் கட்டிட விதிகளின்படி மொத்தத் திறப்பு, காற்றோட்டம் பெறும் வெளியின் தளப்பரப்பில் 1/150 பங்கு இருத்தல் வேண்டும். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 1/300 பங்கும் ஏற்கப்படுகிறது.