மூலப்பதிவு யாருடையது?

1992இல், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த மான்செஸ்டரின் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸை வாங்குவதற்கு லண்டன் ரெக்கார்ட்ஸ் பேச்சு நடத்தியது. ஃபாக்டரி சிறிய கம்பனிதான். ஆனால் ஜாய் டிவிஷன், நியூ ஓர்டர் என்று அதன் கையில் இருந்த பெயர்கள் லேசுப்பட்டவை அல்ல. பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஒரு சங்கதி வெளியே வந்தது. நியூ ஓர்டரின் பதிவுகள் ஃபாக்டரிக்குச் சொந்தமே இல்லை. ஆரம்பத்தில் எழுதிய ஒரு தாள்தான் காரணம். எல்லாம் கலைஞருக்கே, கம்பனிக்கு ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி வில்சன் அதைத் தன் இரத்தத்தால் எழுதினார் என்பது மான்செஸ்டரில் சலிக்காமல் சொல்லப்படும் கதை. பேரம் முறிந்தது. நவம்பரில் கம்பனியும் முறிந்தது. பாட்டுகள் மட்டும் அவற்றைப் பாடியவர்களிடமே நின்றன.

இந்தக் கதையில் எனக்கு ஒரு சொந்த அக்கறை உண்டு. 2001இல் ரொறொன்ரோவில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எட்டுப் பாட்டுகள் பதிவுசெய்தோம். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாரவிடுமுறை வேலைக் காசைப் போட்டோம். ஆயிரம் இறுவட்டுகள் அடிக்கிற செலவை ஒரு வியாபாரி ஏற்றுக்கொண்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. 'நம்மட ஆள்தானே' என்றோம். பிறகு அவர் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார். எங்களுக்குப் பாடிய நண்பன் 2016இல் இறந்துபோனான். இரண்டு வருடங்களுக்கு முன் அவனுடைய மகள் அப்பாவின் பாட்டொன்றை இணையத்தில் ஏற்றினாள். மறுநாளே அறிவித்தல் வந்தது: இந்தப் பதிவின் உரிமை வேறொரு நிறுவனத்துக்கு உரியது. அந்தப் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அன்றிலிருந்துதான் சிறிய இசைக் கம்பனிகளின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். இணையம் வந்துதான் கலைஞர்களுக்கு நியாயமான பங்கு கிடைத்தது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. 1978இல் தொடங்கிய ஃபாக்டரியும், அதே வருடம் லண்டனில் ஜெஃப் ட்ராவிஸ் தன் இசைத்தட்டுக் கடையிலிருந்து தொடங்கிய ரஃப் ட்ரேட் கம்பனியும், செலவு போக மிஞ்சுவதைக் கலைஞரோடு பாதிப் பாதியாகப் பிரித்தன. பெரிய கம்பனிகளின் வழக்கம் வேறு. முன்பணம் கொடுப்பார்கள். நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோ கலைஞருக்கு என்று எழுதுவார்கள். அந்தப் பத்திலிருந்தே முன்பணத்தையும் பதிவுச் செலவையும் கழிப்பார்கள். ஊரில் காணியை ஈடு வைத்தால் கடன் தீர்ந்ததும் உறுதி திரும்பி வரும். இங்கே கடன் தீர்ந்தாலும் உறுதி வராது. மூலப்பதிவு கம்பனியிடமே இருந்துவிடும்.

ஆனால் பாதிப் பங்கு ஒரு கம்பனியைக் காப்பாற்றிவிடாது. ஃபாக்டரிக்காரர் கணக்கில் கெட்டிக்காரர் அல்லர். 1983இல் வந்த 'ப்ளூ மண்டே' தட்டின் உறை அவ்வளவு செலவானது, விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் நட்டம் என்று சொல்வார்கள். ஹசியெண்டா நடன விடுதி இன்னும் பெரிய பள்ளம். ரஃப் ட்ரேட்டின் விநியோகப் பிரிவும் 1991இல் விழுந்தது.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். 1998இல் டெரிக் சிவர்ஸ் சிடி பேபியைத் தொடங்கினார். கலைஞரே அடித்த இறுவட்டை வாங்கி வைத்து, இணையத்தில் விற்று, ஒன்றுக்கு 4 டொலர் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாராவாரம் அனுப்பினார். உரிமையை அவர் கேட்கவே இல்லை. அந்த வருடங்களில்தான் நாங்கள் ஆயிரம் இறுவட்டுகளோடு தமிழ்க் கடைகளுக்கு அலைந்துகொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

எனக்கு அதிகம் பிடித்தது 2003இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஜோன் பக்மன் தொடங்கிய மக்னாட்யூன். அவருடைய மனைவியின் இசையை ஒரு பிரிட்டிஷ் கம்பனி வெளியிட்டிருந்தது. கையில் வந்தது அற்பக் காசு. உரிமையோ பத்து வருடங்களுக்குப் போய்விட்டது. அந்தக் கோபத்தில் பிறந்த கடை இது. ஆல்பம் முழுவதையும் இலவசமாகக் கேட்கலாம். வாங்கினால் 5 டொலரிலிருந்து 18 டொலர் வரை விலையை வாங்குபவரே தீர்மானிக்கலாம். பாதி கலைஞருக்கு. கலைஞர் அதே இசையை வேறிடத்திலும் விற்கலாம். எல்லோரும் 5 டொலரோடு நழுவிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். கொடுத்தவர்களின் சராசரி 8 டொலரைத் தாண்டியது. கேட்பவர் விருப்பப்பட்ட விலைக்கு ரேடியோஹெட் குழுவினர் தங்கள் ஆல்பத்தைக் கொடுத்து உலகமே பேசியது 2007இல்தான். ஆனாலும் தனித்தனி ஆல்பமாக விற்றுக் கட்டுப்படியாகவில்லை. 2010இல் மக்னாட்யூன் சந்தா முறைக்கு மாறியது.

2008இல் வந்த பாண்ட்காம்ப் அந்த இடத்தைப் பிடித்தது. இசை விற்பனையில் நூற்றுக்கு 15 எடுத்துக்கொள்கிறது, உரிமை கலைஞரிடமே. 2022இல் எபிக் கேம்ஸ் அதை வாங்கியது. அடுத்த வருடமே சொங்ட்ராடருக்கு விற்றது. ஊழியரில் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். நானும் பயந்தேன். ஆனால் கடை கைமாறினாலும் பாட்டு கைமாறவில்லை. பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். ஸ்பொட்டிஃபையோ 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குக் காசு கொடுப்பதில்லை. எங்கள் எட்டில் ஒன்றும் அந்தக் கோட்டைத் தொடாது. அதனால் எங்கள் வழக்கில் காசு ஒரு பொருட்டே அல்ல.

கனடாவின் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை, பாடியவர் என்பதற்காக ஒருவருக்கு வருவதில்லை. முதற்பதிவுக்கான ஏற்பாடுகளைச் செய்தவருக்கே அது போகும். வியாபாரி கொடுத்தது இறுவட்டு அடிக்கிற காசு மட்டும். கூடத்துக்குக் கொடுத்தது நாங்கள். நிரூபிப்பது எப்படி? நண்பனின் மகள் நிலவறையில் மூன்று பெட்டிகளைக் கிளறினாள். பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளுக்கு நடுவே மங்கிப்போன ஒரு ரசீது. கூடத்தின் முத்திரை, இரண்டு நாள் வாடகை, அவளுடைய அப்பாவின் பெயர். கீழே சாட்சியாக என் கையெழுத்து. ஏன் போட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ரசீதை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினாள். கையெழுத்திட்டவர் உயிரோடு இருந்தால் சத்தியக் கடதாசி தேவை என்று பதில் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவளோடு நொத்தாரிசிடம் போகிறேன்.