விடுதியாகவிருந்த மாளிகை

கட்டடமொன்றின் வரலாறு அதனைக் கட்டியோரோடு முடிவதில்லை. பின்வந்தோர் அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும். இதற்கு இங்கிலாந்தின் வில்ற்சயர்ப் பகுதியில் மார்ல்பரோ நகரிலுள்ள பழைய காசில் விடுதி தக்க சான்றாகும்.

இலண்டனிலிருந்து ஏறக்குறைய 75 மைல் தொலைவில், பாத் நகருக்குச் செல்லும் பெருவழியின் அருகே இது அமைந்துள்ளது. பக்கத்தே பெரியதொரு மண்மேடு உண்டு. கி.மு. 2400ஆம் ஆண்டளவில் மனிதர் அதனைக் குவித்தனர் என 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நோர்மன் அரசர் அம்மேட்டிலே கோட்டை கட்டினர். கோட்டை சிதைந்தபின் அந்நிலம் சீமோர் குடும்பத்தினர் வசமாயிற்று. 6ஆவது சமசெற் கோமகன் எழுப்பிய மாளிகை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நிறைவுற்றது.

அம்மாளிகை செங்கல்லாலானது. நடுவே பெருங்கட்டு; இருமருங்கும் முன்னோக்கி நீண்ட சிறகுகள்; தூண்கள் தாங்கும் வாயில் முகப்பு; ஒழுங்காக நிரைப்பட்ட உயர்ந்த சாளரங்கள். ஒரு குடும்பத்துக்கு மிகையான அறைகளும் அகன்ற கூடங்களும் உள்ளே இருந்தன.

அம்மிகுதியே அதற்குப் புதுவாழ்வளித்தது. பிரபு குடும்பம் அதனைக் கைவிட்டபின், 1751இல் மாளிகை காசில் விடுதியாயிற்று. விருந்தினர்க்கென அமைந்த கூடங்கள் வழிப்போக்கர்க்கு உணவுச்சாலைகளாயின. படுக்கையறைகள் வாடகைக்கு விடப்பட்டன. குதிரைவண்டிகள் அங்கு நின்று குதிரை மாற்றிச் சென்றன. 1767இல் பிரதமராகவிருந்த சதாம் பிரபு வாதநோயால் வருந்திச் சில வாரங்கள் இவ்விடுதியிலே தங்கினார். விடுதிப் பணியாளர் யாவரும் தம் ஏவலர்க்குரிய சீருடையையே அணியவேண்டுமென அவர் பணித்தார் என்றொரு கதையும் வழங்குகிறது.

பெருவழி வாழ்வித்த விடுதியைப் புகையிரதம் வீழ்த்திற்று. 1841இல் இலண்டனையும் பிறிஸ்ரலையும் இணைத்த இருப்புப்பாதை வடக்கே சுவின்டன் வழியாகச் சென்றது. பயணிகள் அதனை நாடினர், வண்டிகள் ஓய்ந்தன. 1843இல் விடுதி மூடப்பட்டது.

எனினும் மாளிகை பாழாகவில்லை. அவ்வாண்டிலேயே மதகுருமாரின் புதல்வர்க்கென மார்ல்பரோக் கல்லூரி அங்கு தொடங்கிற்று. ஏறக்குறைய 200 மாணவர் முதலிற் சேர்ந்தனர். எட்வேட் புளோர் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு புதிய கட்டடங்கள் எழுப்பப்பட்டபோதும் பழைய மாளிகை இடிக்கப்படவில்லை. அது 'சி' இல்லம் என்னும் பெயரோடு இன்றும் மாணவர் உறையும் இல்லமாக விளங்குகின்றது.

கோமகனின் மாளிகைக்கும், வழிப்போக்கர் விடுதிக்கும், மாணவர் இல்லத்துக்கும் வேண்டியவை பெரிதும் ஒன்றே: பலர் துயில அறைகள், பலர் கூடி உண்ண ஒரு கூடம். அமைப்புப் பொருந்தியமையால் உடைமையாளர் மாறியும் கட்டடம் நிலைத்தது.

1848 முதல் 1851 வரை இக்கல்லூரியிற் பயின்ற வில்லியம் மொறிஸ், 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர். பழையவற்றை இடித்துப் புதுக்குவதினும், நாடோறும் பேணிச் செப்பனிடுதலே சிறந்ததென்பது அச்சங்கத்தின் கொள்கை. மக்கள் வாழும் வீடே நெடிது நிற்கும் என்பதை மார்ல்பரோ மாளிகையும் உணர்த்துகின்றது.