ஆறில்லாத ஊரின் நீர்விழாக்கள்

திருவண்ணாமலை நகருக்குள் ஆறு ஓடவில்லை. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் ஏரி குளங்களில் தங்குகிறது. மிஞ்சியது ஓடைகளில் வடிந்துவிடுகிறது. அதனால் அருணாசலேசுவரர் கோயிலின் நீர்விழாக்கள் இரு வகையாக அமைந்தன: ஊருக்குள் குளத்தில் தெப்பல், ஊருக்கு வெளியே ஆற்றில் தீர்த்தவாரி.

கார்த்திகை தீபத்தை அடுத்து ஐயங்குளத்தில் தெப்பல் உற்சவம் நடக்கும். முதல் இரவு சந்திரசேகரர், அடுத்த இரவு பராசக்தி அம்மன், மூன்றாம் இரவு முருகர் என முறையாகத் தெப்பலில் எழுந்தருளிக் குளத்தை வலம் வருவர்.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. அன்று அருணாசலேசுவரராகிய அண்ணாமலையார் தென்பெண்ணை ஆற்றின் கரையிலுள்ள மணலூர்பேட்டைக்கு வருகிறார். சுவாமியின் சூலமான அஸ்திரதேவரை ஆற்றில் முழுக்காட்டுவதே தீர்த்தவாரி. கூடி நிற்பவர்களும் உடன் மூழ்குவார்கள். ஆற்றின் மேற்பகுதியில் 1958-இல் சாத்தனூர் அணை வந்தபின், அங்கு திறந்துவிடும் நீரைப் பொறுத்தே ஆற்றில் ஓட்டம் இருக்கிறது. தை ஐந்தாம் நாளிலேயே விழுப்புரம் வழியாகக் கடலூர் முகத்துவாரப் பகுதி வரை ஊர்ச்சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு இறங்குகின்றன. பொங்கலுக்கு வந்த உறவினர்களோடு குடும்பங்கள் மணலில் உட்கார்ந்திருக்கும். கரைக் கடைகளில் சிறுவள்ளிக்கிழங்கு குவிந்திருக்கும். அதை வாங்காமல் வீடு திரும்புவோர் குறைவு.

ரதசப்தமிக்குச் சுவாமி வடக்கே கலசப்பாக்கம் சென்று செய்யாற்றில் தீர்த்தவாரி கொடுக்கிறார். அவ்வூர்த் திருமாமுடீசுவரரும் ஆற்றுக்கு வந்து அவரை எதிர்கொள்கிறார்.

மாசி மகத்தன்று கடற்கரை ஊர்களில் சுவாமிகள் கடலாடப் போவது வழக்கம். அண்ணாமலையாரோ பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குப் போகிறார். போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்குத் திதி கொடுக்க. பிள்ளையில்லாத அரசனுக்கு இறைவனே மகனாகிக் கடன் தீர்க்கிறான் என்பது ஐதீகம். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமும் வல்லாளன் கதையைச் சொல்கிறது.

சரித்திரம் சற்று வேறு. 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் போசளத் தலைநகரான துவாரசமுத்திரத்தின்மேல் படையெடுத்தான். 1327-இல் அந்நகர் மீண்டும் அழிவுற்றது. வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் தலைநகராக்கிக்கொண்டான். 1340-களின் தொடக்கத்தில் திருச்சிக்கு அருகே கண்ணனூர்ப் போரில் மதுரை சுல்தானிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதைப் பயணி இபன் பதூதா எழுதியிருக்கிறார். அவனுக்குப் பின் மகன் விருபாட்ச வல்லாளன் பட்டமேற்றான். ஆகவே பிள்ளையில்லை என்பது கதை மட்டுமே. சொந்த ஊரை இழந்து வந்து, போரில் பிடிபட்டு மாண்ட அரசனுக்கு இந்த ஊர் ஆண்டுதோறும் ஆற்றங்கரையில் செய்யும் நீர்க்கடன் மட்டும் இன்றும் நடக்கிறது. கோயிலின் வல்லாள கோபுரமும் அவன் பெயரில்தான் நிற்கிறது.