கல்லைக் கண்ட ஒளியும் இரைப்பையைக் கண்ட ஒளியும்

பதுளையிலிருந்து எல்ல நோக்கிச் செல்லும் மலைப்பாதையின் ஓரத்தே வெட்டுண்டு நிற்கும் பாறைகளில், வெயிற் பொழுதில் மைக்காத் துணுக்குகள் மின்னுவதை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். ஊவாவின் தேயிலைத் தோட்டங்கள் இத்தகைய பழம் பளிங்குப் பாறைகளின்மீது அமைந்தவை. அப்பாறைகளை ஆராயப் பயன்பட்ட ஒருவகை நுணுக்குக்காட்டி, காலப்போக்கில் மனிதனின் இரைப்பை நோயை ஆராயவும் உதவலாயிற்று. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதும், அது நம் தோட்டத்து மக்களுக்கு உணர்த்துவது யாதெனக் காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

1669ஆம் ஆண்டில், ஐசுலாந்துப் பளிங்கினூடாக நோக்கிய பொருள் இரண்டாகத் தோன்றுவதை டென்மார்க்கு நாட்டு அறிஞர் பார்த்தோலின் எழுதி வைத்தார். 1808இல் பிரான்சு நாட்டு மாலசு என்பார், தெறித்து வரும் ஒளியிலும் அப்பளிங்கு தரும் ஒளியின் இயல்பு அமைந்திருப்பதைக் கண்டார். சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்வது; ஒரே தளத்தில் அதிருமாறு ஒழுங்குபட்டதே முனைவாக்கிய ஒளி. 1828இல் எடின்பரோ நகரத்து வில்லியம் நிக்கல், அத்தகைய ஒளியைத் தரும் அரியமொன்றைப் பளிங்கினால் அமைத்தார். இரண்டு நிக்கல் அரியங்களைக் குறுக்காக வைத்தால் ஒளி முற்றும் மறைந்து இருளே தோன்றும். அவற்றினிடையே அணுக்கள் திசைக்குத் திசை வேறுபட ஒழுங்காய் அடுக்கப்பெற்ற பொருளொன்றை வைப்பின், அவ்விருளிலே அப்பொருள் மட்டும் ஒளிரும். மலைச்சரிவில் நிரை பிடித்து நட்ட தேயிலையையும் தாறுமாறாய் வளர்ந்த காட்டையும் தொலைவிலிருந்தே நாம் வேறுபடுத்தி அறிகிறோமன்றோ? அதுபோல, ஒழுங்கையும் ஒழுங்கின்மையையும் பிரித்துக் காட்டுவதே இவ்வொளியின் ஆற்றல்.

கல்லை மில்லிமீற்றரில் நூற்றில் மூன்று பங்கு கனமுள்ள மென்தகடாகத் தேய்த்து, இவ்வொளியில் நோக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்ந்தது. அவ்வாறு வளர்ந்த பாறையியலை இலங்கையிற் பயின்றோருள் நமக்குப் பெருமை தருபவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்திற் கலைமேதையெனப் போற்றப்பெற்ற அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் முதற் பணிப்பாளராக விளங்கினார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளின் கண்டுபிடிப்போடு தொடர்புடையவரும் அவரே.

நிக்கல் அரியத்தின் சிறப்பை உணர்த்தும் மற்றொரு நிகழ்ச்சி 1921இல் நிகழ்ந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் மீண்ட சர். சி. வி. இராமன், தம்மிடமிருந்த சிறு அரியத்தினூடாக மத்தியதரைக் கடலை நோக்கினார். நீரின்மேற் படிந்த வானின் தெறிப்பு மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை. அந்நீலம் வானத்தின் நிழலன்று, கடலுக்கே உரியது என்பது அதனாற் புலனாயிற்று. மேலே தோன்றும் பூச்சை விலக்கி உள்ளிருப்பதைக் காட்டும் கருவி இதுவெனலாம்.

இனி, கல்லுக்கும் தசைக்கும் உறவு யாது? நம் உடலிலும் ஒழுங்குபட அடுக்கிய நார்கள் உண்டு. அவற்றுள் மிகுந்திருப்பது கொலாசன் என்னும் புரதம். அதன் மூலக்கூறு மும்முறுக்கு வடிவினது என்பதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமனின் மாணவர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்துக் காட்டினர். அவர்கள் கையாண்டது எக்சுக் கதிர். எனினும், கொலாசன் நார் முனைவாக்கிய ஒளியில் ஏன் ஒளிர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள அவ்வறிவு துணைசெய்கிறது. 1979இல் பிரேசில் நாட்டு யுங்கேரா முதலியோர், ஒரு செஞ்சாயத்தை ஏற்றி அந்நார்களை மேலும் துலக்கமாகக் காட்டும் முறையை விளக்கினர். நாட்பட்ட நோயினால் இரைப்பைச் சுவரில் வடு இறுகும்போது, நார்கள் மிகுவதையும் நிரை மாறுவதையும் இம்முறையால் அறியலாம்.

நோய் துணிதற்கு இவ்வொளி நேரே உதவுவது அமிலோயிட்டு நோயிலாகும். இந்நோயில் மாறுபட்ட புரதம் உறுப்புகளிற் படிகிறது. இரைப்பையிற் படிந்தால் குருதிப்போக்கும் உணவு இறங்காமையும் தோன்றும். குழாய்வழி நோக்குவோர்க்குப் புண்போலவும் புற்றுப்போலவும் அது மயக்கந் தரும். 1922இல் செர்மனி நாட்டுப் பென்கோல்டு, கொங்கோச் சிவப்பு என்னும் சாயம் அப்புரதத்திற் பற்றுவதைக் கண்டார். 1927இல் பெல்சிய நாட்டுத் திவ்றியும் புளோர்க்கினும், சாயமேறிய அப்படிவு முனைவாக்கிய ஒளியில் இரட்டை முறிவு காட்டுவதை அறிவித்தனர். இன்றும் குறுக்கிட்ட அரியங்களினிடையே தோன்றும் பச்சை நிறமே அந்நோயின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. காசம் முதலிய நெடுநோய்களின் பின்னும் இது வரக்கூடுமாதலின், நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

எனினும் இவ்வொளி அனைத்தையும் காட்டுமென எண்ணுதல் பிழை. 1982இல் இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான நுண்ணுயிரை ஒசுத்திரேலியாவில் வாரனும் மார்சலும் கண்டது இதனாலன்று. புற்றைத் துணிவதற்கும் சாதாரண ஒளியே முதன்மையானது. எவ்வொளியாயினும், இழையத் துண்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வந்து சேர்ந்தாலன்றிப் பயனில்லை.

யான் சிறுவனாயிருந்த லயத்திற் கொழுந்து பறித்த பெரியம்மா ஒருவர் இருந்தார். மூன்றாண்டு வயிற்றெரிவோடு மலையேறினார். காரத்தைக் குறைக்கும்படி யாவரும் கூறினோம். போத்தல் மருந்தும் வந்துகொண்டிருந்தது. உடல் மெலிந்த பின்னரே அவரது இரைப்பையிலிருந்து ஓர் அரிசியளவு துண்டு எடுத்துப் பார்க்கப்பெற்றது. நோயின் பெயர் தெரிந்தது, காலம் கடந்துவிட்டது. ‘எரிவு’ என்னும் சொல்லே நம் கண்ணை மறைத்த பூச்சாயிற்று.

ஆகவே, தீராத வயிற்றுவலியும் மெலிவும் கரிய மலமும் கண்டவிடத்து, மருந்தோடு அமையாது பெரியாஸ்பத்திரியிற் பரிசோதனை செய்விக்குமாறு வற்புறுத்துதல் படித்த நம் கடமை. ஊவாவின் கல்லை நுணுகிப் பார்க்க உலகம் முன்பே கற்றுக்கொண்டது. அக்கல்லின்மேல் நின்று உழைப்பாரின் நோயையும் காலத்தே நுணுகிப் பார்த்தல் வேண்டும். அப்பணியை மேற்கொள்ளும் வைத்தியரும் ஆய்வாளரும் நம் மாணவரிடையே தோன்றுவாராக.